முன்சக்கரம் புதுச்சேரி, பின்சக்கரம் தமிழ்நாடு

பயந்தாங்கொள்ளிகளுக்குத்தான் சட்டம் அதிகம் தெரியும். தைரியசாலிகளுக்கு அது தேவைப்படுவதில்லை. அவர்கள் பாட்டுக்குப் போவார்கள், மாட்டினால் அபராதம் கட்டுவார்கள், மறுநாளும் அதே வழியில் போவார்கள். நான் கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். மூடியிருப்பதைப் பார்த்த பிறகும், பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகப்படுகிற ரகம். நான் எம்.காம். படித்தவள், முதல் வகுப்பில் தேறியவள். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்கே நம்பிக்கை வராது.

புதுச்சேரிப் பாகூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனாருக்குப் பாகூரில் உரக்கடை. கணவருக்குத் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மகள் இனியா எல்.கே.ஜி. சேர்ந்தபோது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட எனக்கு ஒரு ஸ்கூட்டர் வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் பட்ஜெட் கூட்டத்தொடர் மாதிரி நாள்கணக்கில் விவாதம் நடந்தது. எதிர்க்கட்சி என் மாமியார்.

“வேன் வருது, ஆட்டோ வருது. இவ எதுக்குக் கொழந்தைய முன்னால நிக்க வெச்சிக்கினு ரோடு ரோடா போவணும்?” என்றார்.

“அம்மா சொல்றதும் சரிதான். சுகந்தி சொல்றதும் சரிதான்” என்றார் என் கணவர். (கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் ஒரே தீர்ப்பு இதுதான்.)

கடைசியில் மாமனார் என் பக்கம் சாய்ந்தார். ஸ்கூட்டர் வந்தது. ஆனால் மாமியார் ஒரு நிபந்தனை வைத்தார். “வாங்கினது வாங்கிட்டீங்க. போலீஸ்காரன் ஒரே ஒரு ஃபைன் போட்டான்னு வெச்சிக்க, சாவி எங்கிட்ட வந்துடணும். மறுநாளே கொழந்த வேன்ல போவும். சரியா?”

சரி என்றேன். எனக்கு அந்தச் சாவி எவ்வளவு முக்கியம் என்று அவர்களுக்குத் தெரியாது. இனியாவைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பாகூர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன். என்ன குழம்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள், யாருக்கும் பால் காய்ச்ச வேண்டாம். நீர்க்காகம் முங்குவதையும் எழுவதையும் பார்ப்பேன். ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருந்த நேரம் அதுதான். சாவி போனால் ஏரியும் போகும்.

அதனால் உலகத்திலேயே ஒழுங்கான ஸ்கூட்டர்காரியாக இருந்தேன். எனக்கு ஹெல்மெட், இனியாவுக்கு இளஞ்சிவப்பில் ஒரு குட்டி ஹெல்மெட், முழங்கைக்கு உறை. சைக்கிள்காரர்கள் என்னை முந்திக்கொண்டு போவார்கள். ஆடு ஒதுங்கிய பிறகும், அது மனம் மாறினால் என்ன செய்வது என்று கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போவேன்.

இப்படிப்பட்ட நான், ஒருநாள் மதியம் சீட்டுக்கடியில் குடையைத் தேடும்போது வண்டியின் புகைச் சோதனைச் சான்று கண்ணில் பட்டது. காலாவதியாகி ரொம்ப நாளாகியிருந்தது.

நல்ல புத்தி இருந்தால் நேரே போய்ப் புதுச் சான்று வாங்கியிருக்கலாம். போகத்தான் செய்தேன். சோதனைக் கடைக்காரர் வண்டி எண்ணைத் தட்டிவிட்டு, “ஓனர் போனுக்கு ஓடிபி போவும்மா. கேட்டுச் சொல்லு” என்றார். ஓனர் என் மாமனார்.

என் மாமனாருக்கு வரும் குறுஞ்செய்திகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் எதையும் மனதுக்குள் படிப்பதில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, போனைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, கோயில் மைக்கில் உபயதாரர் பெயர் வாசிப்பதுபோல் வாசிப்பார். வங்கிக் கடன், சேலைத் தள்ளுபடி, டேட்டா தீர்ந்துவிட்ட தகவல் எல்லாமே யூரியா வாங்க வந்தவர்களுக்குத் தெரியும். புகைச் சான்று ஓடிபி வந்தால், ஏன் வந்தது, எப்போது முடிந்தது, இத்தனை நாள் எப்படி ஓட்டினாய் என்று கடையே விசாரணைக் கமிஷனாகிவிடும். சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும்.

“அப்புறம் வரேங்க” என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன். வந்து செய்த முதல் வேலை, போனை எடுத்து, ‘அபராதத்திலிருந்து தப்பிப்பது எப்படி’ என்று தேடியது.

தப்பிக்க வழி சொல்லித்தர ஊரே காத்துக்கொண்டிருந்தது. ஒருவர் போலீஸைக் கண்டால் போனில் படம் எடு என்றார். இன்னொருவர் தொப்பியில்லாத போலீஸ் போலீஸே இல்லை என்றார். என்னைக் கவர்ந்தவர் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்கத் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள். நடுவில் அவர் மின்விசிறியைப் போட்டதும் அத்தனை புத்தகங்களும் அலையடித்தன. அது திரைச்சீலை என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் நான் வீடியோவை நிறுத்தவில்லை. (கோட்டு நிஜம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.)

அவர் சொன்னது இதுதான்: “ஒரு மாநிலத்துக் காவலர் தன் எல்லைக்கு வெளியே நிற்கும் வண்டிக்கு அபராதம் போட முடியாது நண்பர்களே. தைரியமாகக் கேளுங்கள்: உங்கள் அதிகார எல்லை எது? அதற்கு எழுத்துப்பூர்வ ஆதாரம் உண்டா? அவ்வளவுதான், ஆடிப்போய்விடுவார்கள்.”

சென்னையில் இருப்பவருக்கு இது வெறும் தகவல். எங்களுக்கோ வரப்பிரசாதம். எங்கள் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் பாயில் புரண்டு படுத்த பிள்ளைகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று கால்போட்டுக் கிடக்கின்றன. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே ஒரு துண்டு தமிழ்நாடு குறுக்கிடும். ஒரு மதகைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. சாராயக்கடை போர்டு தெரிந்தால் நம்ம ஊர், தெரியாவிட்டால் அவங்க ஊர். சின்னக் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

ஆனால் மிகச் சரியாகக் கோடு எங்கே ஓடுகிறது? அங்கேதான் எனக்குச் சந்தேகம். மதகுக்குப் பக்கத்துக் கொல்லையில் கரும்பு போட்டிருக்கும் அண்ணனிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன்.

“மதகுதாம்மா எல்ல. அதோ அந்த வேப்பமரம் நம்பள்து. சாயங்காலம் அதோட நெழலு தமிழ்நாட்டுல வுழும். ஏம்மா, நெலம் எதுனா வாங்கப் போறியா?”

“இல்லண்ணா, சும்மா. பொது அறிவுக்கு.”

பிறகு ஒத்திகை ஆரம்பித்தேன். சமையலறையில் இனியாதான் போலீஸ். ஜல்லிக்கரண்டியை நீட்டி, “நில்லு!” என்பாள். நான் இடுப்பில் கை வைத்து, “உங்கள் அதிகார எல்லை எது?” என்பேன். முதலில் என் குரல் நடுங்கியது. அப்பளம் பொரித்து முடிப்பதற்குள் நன்றாகவே வந்தது. இனியாவுக்கு இந்த விளையாட்டு மிகவும் பிடித்துப்போய், சோறு ஊட்டும்போதும் கேட்கத் தொடங்கிவிட்டாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அந்தக் காலை வந்தது. இனியா முன்னால் நிற்க, தமிழ்நாட்டுத் துண்டைக் கடந்து மதகு ஏறினேன். எதிரே, புதுச்சேரிப் பக்கம், வேப்பமரத்தடியில் எங்கள் ஊர்ப் போலீஸின் சிவப்புத் தொப்பிகள். ஒரு வேன் வேறு நிற்கிறது. ஒரு காவலர் கையில் சதுரமாக ஒரு பெட்டியை ஏந்தியபடி என்னைப் பார்த்து வா வா என்று கையசைத்தார். அபராதம் போடுகிற இயந்திரம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பிரேக் பிடித்து, காலால் உந்தி உந்தி, வண்டியைப் பின்னாலேயே நகர்த்தி மதகுக்கு வந்த பக்கமே கொண்டுபோய் நிறுத்தினேன். இப்போது நான் தமிழ்நாட்டில் இருந்தேன். பாதுகாப்பாக மூச்சு விட்டேன்.

காவலர் பெட்டியோடு நடந்தே வந்துவிட்டார். “எம்மா, கூப்பிடக் கூப்பிட இன்னாத்துக்குப் பின்னால போற? இந்தாண்ட வாம்மா.”

“சார், உங்கள் அதிகார எல்லை எது?”

“இன்னாது?”

“அதிகார எல்லை சார். எதுவரைக்கும்?”

அவர் கொஞ்சம் யோசித்து, “மத்தியானம் வரிக்கும்தாம்மா. அப்புறம் வேற ஆளு வருவாரு” என்றார்.

வீடியோவில் இப்படி ஒரு பதில் வரவில்லை. “அதில்ல சார். நான் இப்ப தமிழ்நாட்டுல நிக்கிறேன். நீங்க என்னைப் பிடிக்க முடியாது. முடியும்னா எழுத்துப்பூர்வ ஆதாரம் காட்டுங்க” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

அவர் திரும்பி, “மேடம், இங்க கொஞ்சம் வாங்க. ஒரு அம்மா இன்னான்னாவோ பேசுது” என்று கத்தினார். வேனருகில் இருந்த எஸ்.ஐ. அம்மா நடந்து வந்தார். அதற்குள் பின்னால் டவுன் பஸ் வந்து நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் கரும்பு டிராக்டர். நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வசதியாக நின்றுகொண்டார்கள்.

“எல்ல மதகு கெடையாது. அந்தாண்ட பிரெஞ்சுக்காரன் நட்ட கல்லு ஒண்ணு இருக்குது, அதான் எல்ல” என்றார் டிராக்டர்காரர்.

“அந்தக் கல்லத்தான் போன வருசமே மாடு கட்டப் புடுங்கிக்கினு போய்ட்டாங்களே” என்றாள் நடவுக்காரப் பெண் ஒருத்தி.

“யாரு புடுங்கினது?”

“எனுக்கு இன்னா தெரியும்? உங்க வூட்டாண்டதான் இருக்குது.”

இந்த நேரம் பார்த்து, பின்பக்கமிருந்து பைக்கில் தமிழ்நாட்டுக் காவலர் ஒருவர் வந்தார். டீ குடிக்கப் போனவராம். கூட்டத்தைப் பார்த்து நிறுத்தி, விஷயம் கேட்டார். பிறகு என்னிடம் மிகவும் அன்பாக, “நீங்க சொல்றது கரெக்டும்மா. இது எங்க லிமிட்தான். பேப்பரைக் காட்டுங்க” என்றார்.

கறுப்புக் கோட்டுக்காரர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை! ஒரு மாநிலத்திலிருந்து தப்பித்தால் இன்னொரு மாநிலம் இருக்கும் என்ற சாதாரண உண்மை, முதல் வகுப்பில் தேறிய எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. வேறு வழி தெரியாமல் வண்டியை முன்னால் தள்ளினேன். சிவப்புத் தொப்பி அருகில் வந்தது. பின்னால் இழுத்தேன். பைக் காவலர் அருகில் வந்தார். கடைசியில் முன்சக்கரம் புதுச்சேரியிலும் பின்சக்கரம் தமிழ்நாட்டிலுமாக, மதகின் நட்ட நடுவில் நின்றேன். நடுவில் நின்ற நான் எந்த நாட்டுப் பிரஜை என்று எனக்கே தெரியவில்லை.

“ஸ்டாண்டு எந்தப் பக்கம் இருக்குதோ அதாம்மா கணக்கு!” என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல் சட்டம் சொன்னது.

எஸ்.ஐ. அம்மா என்னையும் இனியாவின் இளஞ்சிவப்பு ஹெல்மெட்டையும் மாறிமாறிப் பார்த்தார். காவலர் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்தார். உள்ளே லட்டு.

“ஹெல்மெட் போட்டுக்கிட்டு வர்றவங்களுக்கு இன்னிக்கு லட்டு குடுக்கறோம்மா. காலையிலேர்ந்து ஒருத்தரும் ஹெல்மெட்டோட வரல. நீ ஒருத்திதான் கொழந்தைக்கும் சேத்துப் போட்டுக்கிட்டு வந்த. நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கலாம்னு கூப்பிட்டோம். இன்னாத்துக்கு ஓடின?”

இனியாவின் ஹெல்மெட் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். ஆனால் எனக்காகப் பேச ஆள் இருந்தது.

“பொகை சீட்டு முடிஞ்சிபோச்சு ஆன்ட்டி” என்றாள் இனியா. “தாத்தாக்குத் தெரியக்கூடாது. பாட்டி சாவிய எடுத்துக்குவாங்க.”

பஸ்ஸே சிரித்தது. எஸ்.ஐ. அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேனைக் காட்டினார். “அதான் பொகை டெஸ்ட் எடுக்கற வண்டி. முகாம்ல இன்னிக்கு இலவசம். இப்பவே எடுத்துக்க, உன்னை வுட்டுடறேன். ஓனருக்குப் போன் போடு, ஓடிபி கேளு.”

இத்தனை நாள் எதற்குப் பயந்து ஓடினேனோ, அதையே இரண்டு மாநிலப் போலீஸ், ஒரு பஸ், ஒரு டிராக்டர், ஒரு நடவுக் கூட்டம் முன்னிலையில் செய்ய வேண்டியதாயிற்று. மாமனார் கடைக்குக் கிளம்பாமல் வீட்டில்தான் இருந்தார்.

“மாமா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். மதகாண்ட போலீஸ் நிறுத்தி…”

“போலீஸா? கொழந்த? கொழந்தைக்கு இன்னா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல மாமா, ஒரு நம்பர் மட்டும்…”

போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து மொபெட் அலறும் சத்தம் கேட்டது. மாமனார், லுங்கியும் பனியனுமாக. பின்னால் மாமியார், ஒரு கையில் முடிந்தும் முடியாத கொண்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மாமனாரின் பனியனைப் பிடித்துக்கொண்டு. இரண்டு தலைகளும் வெறும் தலைகள். மதகுக்கு இந்தப் பக்கம், அதாவது மிகத் தெளிவாகத் தமிழ்நாட்டுக்குள், கிறீச்சென்று நின்றார்கள்.

“எங்கடி கொழந்த?” என்று இறங்கி ஓடிவந்த மாமியார், இனியா முழுசாக இருப்பதைக் கை, கால், ஹெல்மெட் எல்லாம் தடவி உறுதி செய்துகொண்டார். அந்த நொடியில் அவர்மேல் எனக்கு வந்த அன்பைச் சொல்லி முடியாது. அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த நொடி, “இன்னாடி பண்ணித் தொலச்ச?” என்றார்.

பதில் சொல்வதற்குள், அதுவரை கையைப் பிசைந்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக் காவலர் மொபெட் அருகே போய்விட்டார்.

“ஐயா, ஹெல்மெட் எங்க?”

“நான் பாகூர்ல உரக்கடை வெச்சிருக்கறவன்பா.”

“வெச்சிக்குங்க. ஹெல்மெட் எங்க?”

“இந்த அம்மா போலீஸ் எங்க ஊரு. நான் அங்க போயிக்கினு இருக்கறேன்.”

“போயிக்கினுதான் இருக்கறீங்க. நிக்கிறது எங்க எல்லையில. பின்னால ஒக்காந்தவங்களும் ஹெல்மெட் போடல.”

அப்போது இனியா இடுப்பில் கை வைத்தாள். நான் பாய்ந்து வாயைப் பொத்துவதற்குள், “அங்கிள், உங்கள் அதிகார எல்லை எது?” என்று கணீரென்று கேட்டுவிட்டாள்.

“இது இன்னா குடும்பம்பா!” என்றார் அவர், போனில் மொபெட்டைப் படம் எடுத்தபடி.

குறுஞ்செய்தி வந்த ஓசை கேட்டது. மாமனார் பழக்கதோஷத்தில் கண்ணாடியை இறக்கி, போனைத் தள்ளிப் பிடித்து, உரக்கத் தொடங்கினார்: “அன்புள்ள வாகன உரிமையாளரே, தலைக்கவசம் அணியாமல் சென்றதற்காகத் தங்களுக்கு…” குரல் படிப்படியாக இறங்கியது.

“போதும். மீதிய மனசுக்குள்ள படிங்க” என்றார் மாமியார்.

எனக்குத் தெரிந்து மாமனார் சத்தமில்லாமல் படித்த முதல் செய்தி அது. அடுத்து வந்த ஓடிபியையும் போனை என்னிடமே நீட்டிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வேனில் சோதனை முடிந்து சான்று கைக்கு வந்தது. லட்டு இனியாவுக்குக் கிடைத்தது, எனக்கில்லை. நியாயம்தான். பஸ் நகர்ந்தபோது ஜன்னலில் இருந்த அத்தனை பேரும் எனக்குக் கைகாட்டினார்கள்.

அன்று ஏரிக்கரையில் நிற்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, வீடியோவிலிருந்து சமையலறை ஒத்திகை வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சாவியைக் கழற்றி மாமியார் முன்னால் நீட்டினேன். மாமனார் காலண்டரை ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமியார் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஃபைன் யாருக்கு வந்துச்சு?”

“மாமாவுக்கு.”

“அப்ப உன் சாவி எனுக்கு இன்னாத்துக்கு?” என்றவர் திரும்பி, “ஏங்க, அந்த மொபெட் சாவிய இப்டி குடுங்க” என்றார்.

மாமனார் என்னென்னவோ வாதாடிப் பார்த்தார். கடை, மூட்டை, வயது, மரியாதை எதுவும் எடுபடவில்லை. கறுப்புக் கோட்டு போடாவிட்டாலும் மாமியாரின் சட்டத்தில் மேல்முறையீடு கிடையாது. ஷிப்ட் முடிந்து வந்த என் கணவரிடம் இருவரும் முறையிட்டார்கள். “அம்மா செஞ்சதும் சரிதான்…” என்று அவர் ஆரம்பித்ததும் இருவருமே எழுந்து போய்விட்டார்கள்.

மொபெட் இன்றுவரை கொட்டகையில்தான் நிற்கிறது. விளைவு, வீட்டுக்கு ஒரே ஓட்டுநர் நான். மாமனாரைக் கடையில் விடுவது, வில்லியனூர் சந்தை, வீராம்பட்டினம் தேருக்குப் போகிறவர்களை பஸ் ஏற்றிவிடுவது, யார் வீட்டுச் சீமந்தமோ அதற்கு மாமியாரை ஏற்றிப் போவது, எல்லாம் என் தலையில். மாமியாருக்குத் தனி ஹெல்மெட் வாங்கியாகிவிட்டது. மல்லிகைப்பூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அதை மாட்டிக்கொள்வார். ஏரிக்கரையில் இப்போது அவரும் இறங்கி நிற்கிறார். பறவைகளைப் பார்ப்பதில்லை, பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு முக்கால்வாசி மாமனாரைப் பற்றித்தான் என்பதால் எனக்கும் பொழுது போகிறது.

மதகு நெருங்கும்போது மட்டும், ஒவ்வொரு முறையும், என் தோளை ஒரு தட்டுத் தட்டுவார்.

“நிறுத்து, நிறுத்து. இது யாரு ஊருன்னு கேட்டுக்கினு போவலாம்.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். கேலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்து, கண் வேப்பமரத்தடியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருகிறது.